புரட்டாசியில் முட்டை ஊசி

மல்காஜ்கிரி,
புரட்டாசி மூன்றாம் சனிக்கு மறுநாள், 1957

கரக்பூரில் இருக்கும் என் மகள் கமலத்துக்கு அப்பா அய்யாக்கண்ணு ஆசீர்வாதத்தோடு சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு பாமா டீச்சர் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தம்பியும் தும்மாமல் இருக்கிறோம், இந்தக் காய்ச்சல் காலத்தில் அதுவே பெரிய க்ஷேமம், அங்கே நீயும் மாப்பிள்ளை ஜகதீசனும் குழந்தையும் சம்பந்தியம்மாவும் அதே மாதிரி தும்மாமல் இருக்கப் பெருமாள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உன் கடிதத்தை டீச்சர் இரண்டு தரம் படித்துக் காட்டினாள். உங்கள் ஆஸ்பத்திரிக்கு ஃப்ளூ காய்ச்சலுக்கான புது ஊசி வந்திருக்கிறது, மருந்து தீரும் வரைக்கும்தான் போடுவார்கள், ஆனால் அது முட்டையில் வளர்த்த மருந்தாம், புரட்டாசி விரதம் இருக்கிற வீட்டில் முட்டை உடம்புக்குள் போகலாமா, ஐப்பசி பிறக்கட்டும் என்று உன் மாமியார் சொல்கிறார்கள், நான் என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். உனக்கு உன் அம்மாவின் நெஞ்சு, மேகம் கறுத்தாலே இழுப்பு வந்துவிடும், அதனால் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பதில் சொல்கிறேன், அதற்கு முன் இங்கே என் பழைய ரயில்வே ஷாப்பில் நடந்த கூத்தைக் கேள்.

ஒர்க்‌ஷாப்புக்கு இந்த ஊசி வரப்போகிறது என்று தெரிந்த அன்றைக்கே யூனியன் சின்னசாமி கேட்டருகே ஸ்டூல் போட்டு ஏறிவிட்டான். எலிக்குப் போட்டுப் பாத்தாச்சு, இப்பத் தொழிலாளிக்குப் போட்டுப் பாக்கறாங்க, ஒருத்தனும் கையை நீட்டாதீங்கடா என்று கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு நாளில், பெரிய ஆபீசர் பங்களாவில் சமையல்காரன் வரைக்கும் ஊசி போட்டாயிற்று என்று சேதி வந்தது. மறுபடி அதே ஸ்டூல், அதே சின்னசாமி, ஊசி தொழிலாளியின் உரிமை, பதுக்கல் ஒழிக என்றான். மறுபடி எல்லோரும் கைதட்டினார்கள், உன் தம்பி புருஷோத்தமனும்தான், இரண்டு தரமும் தட்டினாயாடா என்று கேட்டேன், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டான்.

ஐஸ் அடைத்த பெட்டியில் மருந்து வந்தது. டாக்டர் நாராயணஸ்வாமி, நெஞ்சு பலவீனமானவர்களும் உலைக்களத்து ஆட்களும் முதலில் வரட்டும் என்றார். அதெப்படி, சீனியாரிட்டி பாக்காம இந்த கேட்டுக்குள்ள ஒரு ஊசி இறங்காது சார் என்று சின்னசாமி குறுக்கே நின்றான். உனக்குத்தான் தெரியுமே, இந்த ஊர்ப் பழைய ரயில்வேயையும் மெட்ராஸ் பக்கத்து ஆட்களையும் ஒன்றாகப் போட்டதிலிருந்து யார் சீனியர் என்பது இங்கே தீராத வழக்கு. பாய்லர் யூசுப் பாய் முன்னால் வந்து, கைக்கு மியான், எதுக்கு இந்தப் பேச்சு, நீ ரயிலைக் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடி நான் பாய்லருக்குள்ள இருந்தேன் என்றார். அது பழைய சர்வீஸ், அதெல்லாம் பாதிதான் செல்லும் பாய் என்றான் இவன். நக்கோ, நக்கோ, எனக்குப் பாதி ஊசியா போடுவே என்றார் அவர். புருஷோத்தமன் சட்டைக் கையை மடித்துவிட்டபடியே நின்றானாம். சாயங்காலம் சங்கு ஊதுகிற வரைக்கும் பேசினார்கள், பெட்டி வெயிலில் கிடந்தது. டாக்டர் மூடியைத் திறந்து கையை விட்டுப் பார்த்துவிட்டு, ஐஸ் பூரா தண்ணியாயிடுத்து, மருந்தைக் கொட்டவேண்டியதுதான், சீனியாரிட்டிப்படி எல்லாரும் ஆத்துக்குப் போகலாம் என்றாராம்.

காய்ச்சல் மட்டும் சீனியாரிட்டி கேட்கவில்லை. அந்த வாரமே பாதி ஷாப் படுத்துவிட்டது, சின்னசாமியும் யூசுப் பாயும் ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள், அங்கேயும் ஜன்னலோரக் கட்டில் யாருக்கு என்று பேச்சு வந்ததாம். பிழைத்துக்கொண்டார்கள், உலைக்களத்து நடேசன் பிழைக்கவில்லை. முதலில் ஊசி போட டாக்டர் கூப்பிட்ட ஆட்களில் அவனும் ஒருவன். அவன் பெண்டாட்டியைப் பார்க்கப் போனேன், திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாம் பெட்டி வந்தபோது டாக்டர் யாரையும் கேட்காமல் கேட்டுக்கு வெளியிலேயே மேஜை போட்டுவிட்டார், பென்ஷன்காரரும் குடும்பமும் வரலாம் என்றார். அது நேற்று, சனிக்கிழமை. நான் நாமம் போட்டுக்கொண்டு உன் அம்மாவைக் கூப்பிட்டேன். முட்டையாமே, சனிக்கிழமையும் அதுவுமா, பெருமாள் என்ன நெனப்பாரு என்றாள். வாயால திங்கல, தோள்ல குத்துனாங்கன்னு சொல்லு என்றேன், அவள் சிரிக்கவில்லை. அப்புறம் அவளிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். நான் பையனாக இருந்தபோது அரக்கோணத்தில் அந்தப் பெரிய காய்ச்சல் வந்ததும் ஒரு புரட்டாசியில்தான். என் அண்ணி காய்ச்சலோடு விரதம் இருந்தாள். கஞ்சியாவது குடிங்க அண்ணி என்று டம்ளரோடு நின்றேன். விரதம் முடியட்டும் தம்பி என்றாள். ஐப்பசி பிறந்தது, அவள் இல்லை. அந்த வருஷம் போட்டுக்கொள்ளலாமா வேண்டாமா என்று சண்டை போட ஓர் ஊசிகூடக் கிடையாது கமலம்.

உன் அம்மா புடவையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மேஜையில் டாக்டரிடம் இது கேக்குமா சார் என்றேன். முழுசா எனக்கும் தெரியாது பெரியவரே, போட்டுண்டாலும் சில பேருக்கு வரும், வந்தா லேசா வரும்னு நம்பறோம் என்றார். என் சர்வீஸ் பூராவும் எனக்குத் தெரியாது என்று ஓர் ஆபீசர் சொல்லிக் கேட்டதில்லை, அந்த ஒரு வார்த்தைக்காகவே கையை நீட்டிவிட்டேன். எனக்குத் தோள் வீங்கியிருக்கிறது, உன் அம்மாவுக்கு உடம்பு கொஞ்சம் கதகதப்பு, ரசம் வைத்துக்கொண்டிருக்கிறாள். இதை எழுதுகிற டீச்சரும் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள், இதை எழுதமாட்டேன் என்றாள், எழுதச் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே அம்மா, போட்டுக்கொள். முட்டை தின்றால் தோல் தடித்துப்போகிறவர்களுக்குப் போடக்கூடாதாம், உனக்கு அந்தத் தொந்தரவு இல்லை, குழந்தைக்குப் போடலாமா என்று அங்கே டாக்டரைக் கேள். சம்பந்தியம்மாவிடம் எதிர்த்துப் பேசாதே, அவர்கள் பயப்படுவது உன் வீடு நன்றாக இருக்கவேண்டும் என்றுதான். இந்தக் கடிதத்தையே அவர்களுக்குப் படித்துக் காட்டு. விரதம் கெட்டுப் பெருமாளுக்குக் கோபம் வந்தால் உங்கள் வீட்டு வாசலில் நிற்கவேண்டாம், மல்காஜ்கிரியில் அய்யாக்கண்ணுதான் சொன்னான் என்று என் விலாசத்தைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

தீர்க்க சுமங்கலியாக, மூச்சு முட்டாமல், நிறைய நாள் இரு. ஊசி போட்டுக்கொண்ட அன்றைக்கே ஒரு கார்டு போடு, தோள் வலித்தால் இடது கையால் கிறுக்கினாலும் போதும், எனக்கு எப்படியும் டீச்சர்தான் படிக்கப்போகிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
அய்யாக்கண்ணு, கைநாட்டு