நீளப் பிடிச் சுத்தியல்

காரைக்குடி
4-6-1968

அக்கம்மாளுக்குக் கருத்தையா எழுதிக்கொண்டது.

இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. அங்கும் அப்படியே என்று நினைக்கிறேன். மாற்றல் வாங்கிக்கொண்டு நீ போய் ஒன்பது வருஷம் கழித்து ஏன் கடிதம் என்று யோசிக்காதே. இது தொழில் விஷயம்.

கால் மரத்து வருகிறவர்களுக்கு முழங்காலையும் குதிகாலையும் தட்டிப் பார்க்க ஒரு சுத்தியல் வேண்டும். கம்பெனிப் பட்டியலில் மூன்று படம் போட்டிருக்கிறான். எது எதற்கு என்று ஒரு வரி இல்லை. என்னைக் கம்பவுண்டராக வைத்திருந்த டாக்டர் ஐயா விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு முழுதும் படித்துவிட்டேன். தட்டுவதைச் சொல்கிறது, வாங்குவதைச் சொல்லவில்லை. நீ நரம்பு வார்டில் நர்ஸ், தினமும் பார்க்கிறாய். எது நல்லது என்று மட்டும் எழுது. வேறெதுவும் வேண்டாம்.

கருத்தையா

மதுரை
9-6-1968

அன்புள்ள உங்களுக்கு,

உறையின் மேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்து, டூட்டி முடியும்வரை பிரிக்காமலே வைத்திருந்தேன்.

முக்கோண ரப்பர் வைத்த குட்டைப் பிடிதான் எங்கள் வார்டில் பழக்கம். பையில் அடங்கும். வட்ட ரப்பரும் நீளப் பிரம்புப் பிடியும் உள்ளதைப் பெரிய டாக்டர் வைத்திருக்கிறார். ஓங்க வேண்டாம், விட்டால் தன் எடையில் விழும். மூன்றாவதில் பிடிக்குள் ஊசி இருக்கும், அது வேண்டாம். உங்களுக்கு முதலாவதே போதும்.

சமையலுக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா? வேறெதுவும் எழுதக் கூடாது என்றீர்கள். கேட்டுவிட்டேன்.

உங்கள் மனைவி என்றே இன்னும் கையெழுத்திடும்,
அக்கம்மாள்

காரைக்குடி
15-6-1968

அக்கம்மாளுக்கு,

நீளப் பிடிதான் வேண்டும். முதலாவது போதும் என்று நீயே முடிவு கட்டுகிறாய். அன்றைக்கும் அப்படித்தான். வலையபட்டி முத்துவீரன் கால் மரத்து வந்தான், ஆறு மாதம் சத்து ஊசி போட்டேன். நீ என் மருந்துக் கடைக்குள் வந்து, "இவுக ஊசிய நம்பி இருந்துறாதீக, மதுரைக்குப் போயிக் காட்டுங்க" என்றாய். பெஞ்சில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவன் அங்கே போய்த்தான் குணமானான், இல்லையென்று சொல்லவில்லை. அதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்.

இப்போதைய நோயாளி திருக்கோஷ்டியூர்க்காரர், வயது அறுபது. நடக்கையில் செருப்பு கழன்று போவதே அவருக்குத் தெரிவதில்லை.

சோறு நானே வடித்துக்கொள்கிறேன்.

கருத்தையா

மதுரை
2-7-1968

அன்புள்ள உங்களுக்கு,

நம் தெரு கண்டக்டர் வயிரவனிடம் நீங்கள் கேட்ட சுத்தியலையே கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

நோயாளியை நாற்காலியில் மண்டியிடச் செய்து, பாதம் வெளியே தொங்க, குதிகாலுக்கு மேலே தட்ட வேண்டும். துள்ளவில்லையென்றால் உடனே கைவிட்டுவிடக் கூடாது. இரண்டு கை விரல்களையும் கோத்து அவரை இழுக்கச் சொல்லி, இழுக்கும்போதே தட்ட வேண்டும். சிலருக்கு அப்போதுதான் பாதம் துள்ளும்.

இன்னொருவர் குதிகாலைத் தட்ட நீளப் பிடி தேவையே இல்லை. தன் குதிகாலைத் தானே எட்டித் தட்டுகிறவருக்குத்தான் தேவை. ஆனால் விரலைக் கோத்துக்கொண்டால், சுத்தியலைப் பிடிக்க அவருக்குக் கை ஏது?

திருக்கோஷ்டியூர்க்காரரிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. அவர் கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாமல் வரமாட்டேன். அந்தக் கடையில் கேட்காமல் வாயைத் திறந்தது ஒருமுறை போதும்.

அக்கம்மாள்

காரைக்குடி
11-7-1968

அக்கம்மாளுக்கு,

சுத்தியல் வந்தது. பிரம்பு நன்றாக இருக்கிறது.

விரல் கோக்கும் முறையையும் செய்து பார்த்தாயிற்று. உத்திரத்து ஆணியில் சுத்தியலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, அதை இழுத்துப் பிடிக்கும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு நாற்காலியில் மண்டியிட்டேன். இரண்டு கையையும் கோத்து இழுத்து, நூலை விட்டேன். பதினோரு தடவை. எட்டு தடவை நாற்காலியில் பட்டது. மூன்று தடவை சரியாகக் குதிகாலுக்கு மேலே பட்டது. பாதம் துள்ளியதா என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்து மண்டியிட்டிருப்பவனுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்? புத்தகத்தில் இதற்கு வழி சொல்லவில்லை.

சத்து ஊசி நாற்பது போட்டுக்கொண்டாயிற்று.

நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் பழுது சுத்தியலிலா காலிலா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். நாற்காலியை எடுத்து வைக்கவில்லை, போட்ட இடத்திலேயே கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் ஆள் இருக்காது. நீ என்ன சொன்னாலும் கேட்க நான் ஒருவன்தான் இருப்பேன்.

கருத்தையா