கதவு எண்

1977 செப்டம்பர் 18, ஞாயிறு

கோவிந்தராஜன் குடும்பமும் டொராண்டோ போகிறது. இந்த வருடம் எங்கள் புறநகர் பியர்பொன்ட்ஸிலிருந்து இது ஏழாவது வீடு. புதிய பிரெஞ்சு மொழிச் சட்டத்துக்குப் பயந்து கம்பெனிகள் போகின்றன, பின்னாலேயே நம் எஞ்சினியர்களும். என் கணவருக்கோ நண்பர் போகிற வருத்தம் இல்லை. சாப்பிட்டுக்கொண்டே விரல்விட்டு எண்ணினார். “டிசம்பர் எலெக்ஷன்ல இன்னொரு ஓட்டு போச்சு.”

தமிழ் மன்றத்துக்கு ஆறு வருடமாக இவர்தான் தலைவர். நான் செயலாளர். தலைவரின் மனைவி என்பதால் அல்லவாம். எல்லாரும் அப்படிச் சொல்வதால்தான் எனக்குச் சந்தேகம்.

செப்டம்பர் 27, செவ்வாய்

நூலகத்தில் எங்கள் வரைபடப் பிரிவில் தாள் அடுக்க வரும் கமலினி இன்று அழுதாள். யாழ்ப்பாணத்துப் பெண், மாணவர் விசாவில் இருக்கிறாள். ஆகஸ்ட் கலவரத்தில் கொழும்பில் வீடு எரிந்தபின் கணவன் பாலசந்திரன் விசிட்டராக வந்து சேர்ந்தான். விசா முடியப்போகிறது. வரும் மார்ச்சில் குடியேற்ற விசாரணை.

“இஞ்ச கனகாலம் இருக்கிற ஆக்களின்ர சங்கம் ஒண்டு கடிதம் குடுத்தா நல்லது எண்டு லோயர் சொல்லுறார் அக்கா. ஐயாவிட்டை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்.”

கேட்கிறேன் என்றேன். கேட்பது சுலபம்.

அக்டோபர் 2, ஞாயிறு

கேட்டேன்.

“சுலோ, இன்னைக்கு ஒருத்தனுக்குக் குடுத்தா நாளைக்கு நாப்பது பேர் வாசல்ல நிப்பான். இத்தனை வருஷமா நாம சம்பாதிச்ச பேரு என்ன ஆகறது?”

இவரை எதிர்த்து நிற்கும் ரவிசங்கர், நோத்ர-டாம்-த-கிரேஸில் இருக்கும் விரிவுரையாளர், ஜெயித்த அன்றே கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறாராம். மனிதாபிமானமா, ஓட்டா? தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் கடிதம் கடிதம்தான்.

அக்டோபர் 15, சனி

இவர் நகர வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். எங்கள் உறுப்பினர் வீடுகள் தொண்ணூறும் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருந்தன. பியர்பொன்ட்ஸில் இருபத்தாறு, புரோசார்டில் பதின்மூன்று, எல்லாம் இவர் பக்கம். மீதி ஐம்பத்தொன்று நோத்ர-டாம்-த-கிரேஸ், கோத்-தெ-நேஜ், நகர மையம் என்று வாடகைக் குடியிருப்புகளில். எல்லாம் ரவிசங்கர் பக்கம். முப்பத்தொன்பதுக்கு ஐம்பத்தொன்று. தோல்வி நிச்சயம்.

“அதான் எல்லைக் கோட்டை மாத்தணும்ங்கறேன். நீ ஜியாகரபி எம்.ஏ. படிச்சதுக்கு இன்னைக்குத்தான் பிரயோஜனம்.”

திட்டம் இது. மூன்று வட்டங்கள், வட்டத்துக்கு ஐந்து பிரதிநிதிகள், அவர்கள் சேர்ந்து தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். கோத்-தெ-நேஜின் வடபாதியில் இருக்கும் பதினாலு வீட்டை இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பியர்பொன்ட்ஸோடு சேர்ப்பது. அங்கே அவர்கள் மூழ்கிப்போவார்கள். நகர மையத்தின் பதினொன்றை ஆற்றைத் தாண்டிப் புரோசார்டோடு சேர்ப்பது. பதின்மூன்றுக்குப் பதினொன்று. மிச்சம் இருபத்தாறும் ஒரே வட்டம், அதை ரவிசங்கரே வைத்துக்கொள்ளட்டும். இதுவரை பிரதிநிதிகளை ஓட்டு விகிதப்படி பிரித்துக்கொண்டோம். இனிமேல் ஒரு வட்டத்தில் ஓர் ஓட்டு அதிகம் வாங்கியவருக்கே அதன் ஐந்து பிரதிநிதிகளும்.

ஐம்பத்தொன்றை முப்பத்தொன்பது தோற்கடிக்கிறது. யாரும் கள்ள ஓட்டுப் போடவில்லை.

“இது சரியில்லீங்க.”

“எது சரியில்ல? ஓட்டுப் போட விடலையா? போடட்டுமே.”

மறுத்திருக்கலாம். இருபத்திரண்டு வருடத்தில் இந்த வீட்டில் எதை மறுத்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள மறுத்தேன். அதனால் பஸ் போகிற இடத்துக்கு மட்டும்தான் என்னால் போக முடியும்.

அக்டோபர் 16

வரைந்துவிட்டேன். கோடு நேர்த்தியாக வந்திருக்கிறது. அதைப் பார்த்து ஒரு நிமிடம் பெருமைப்பட்டேன். சீ.

அக்டோபர் 30, ஞாயிறு

நிர்வாகக் குழுவில் ஐந்துக்கு இரண்டு என்று நிறைவேறியது.

ரவிசங்கர்: “மேடம், உங்க வட்டம் ஆத்துல நீந்திப் போகுதே?”

இவர்: “பாலம் எதுக்குப்பா கட்டியிருக்கான்?”

நன்றாகச் சிரித்தார்கள். ரவிசங்கரும்தான். பேனா தன் கையில் இருந்தால் அவரும் இப்படியே வரைவார் என்று தோன்றியது.

புதிய விதிகளையும் உறுப்பினர் படிவத்தையும் நான்தான் எழுதினேன். ஒரு கதவு எண்ணுக்கு ஓர் ஓட்டு. ஒரே வீட்டில் ஆறேழு பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்கள் ஆளுக்கொரு ஓட்டுக் கேட்டுவிடக் கூடாது என்று இவர் சொல்லிச் சேர்த்தது.

நவம்பர் 9, புதன்

கமலினி படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“அக்கா, கதவு எண் எண்டா என்ன?”

எனக்குக் கேள்வியே புரியவில்லை. சென்னையில் தபால்காரர் முதல் தாசில்தார் வரை எல்லாரும் கேட்பது அதைத்தானே. வீட்டின் எண். அவளுக்கு அந்தப் பேச்சே தெரியாது. அவர்கள் ஊரில் வீட்டு இலக்கம்தானாம்.

அவளும் பாலசந்திரனும் இருப்பது நகர மையத்தில் அறை அறையாக வாடகைக்கு விடும் ஒரு பழைய வீடு. அறைக் கதவு ஒவ்வொன்றிலும் பித்தளை எண் அடித்திருக்கிறது.

“எங்கட கதவிலை மூண்டு எண்டு கிடக்கு. மற்ற நாலு அறையிலையும் எங்கட பெடியள்தான். அவையும் தங்கட தங்கட கதவைப் பாத்து நிரப்பிப்போட்டினம். பக்கத்தறை அண்ணை கேக்கிறார், கக்கூஸ் கதவிலையும் ஆறு எண்டு போட்டிருக்காம், அதுக்கும் வோட் இருக்கோ எண்டு.”

சிரித்துவிட்டேன். நூலகத்தில் நான் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பிறகுதான் உறைத்தது. இவர் கணக்கில் அந்த வீடு ஒரு புள்ளி. ஒன்று ஐந்தானால் பதினொன்று பதினைந்து. எதிரே பதின்மூன்று.

“பிழையோ அக்கா? மாத்தி எழுதவோ?”

ஒரு வார்த்தை போதும். ‘அது வீட்டு எண்ணம்மா.’ அதுதான் உண்மையும்.

“படிவத்தில் எழுதியிருக்கிறபடி நிரப்பியிருந்தால் சரிதான்” என்றேன்.

நவம்பர் 12

ஏன் அப்படிச் சொன்னேன்? அவளுக்காகவா, இவரைப் பழிவாங்கவா? கோடு போட்டு ஏமாத்தறது தப்புன்னா சொல்லை வெச்சு ஏமாத்தறது மட்டும் என்ன நியாயம்? பஸ்ல ஒன்றரை மணி நேரம் இதையேதான் நினைச்சிட்டு வந்தேன். வீட்ல வந்து ரசம் வெச்சேன்.

நவம்பர் 20

உறுப்பினர் பட்டியலை மூடினேன், அந்த ஐந்து கதவையும் சேர்த்து. தட்டச்சு செய்து மேசையில் வைத்திருக்கிறேன். இவர் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

டிசம்பர் 4, ஞாயிறு

சர்ச்சின் கீழ்த்தளத்துக் கூடம். வெளியே ஒரே பனி, இருந்தும் கூட்டத்துக்குக் குறைவில்லை. முதல் வட்டம் இவருக்கு. மூன்றாவது ரவிசங்கருக்கு. இரண்டாவதை எண்ணினார்கள். பதின்மூன்று, பதினைந்து.

இவர் எழுந்தார். “ஒரே வீட்ல அஞ்சு ஓட்டா? என்ன அநியாயம்! கதவு எண்ணுன்னா வீட்டு நம்பர். எல்லாருக்கும் தெரியும்.”

பக்கத்தறை அண்ணை எழுந்தார். “எங்களுக்குத் தெரியாது ஐயா. கதவு எண்டீங்கள், கதவைப் பாத்தம்.”

சிரிப்பு. கூச்சல். ஒருவர் இவரைப் பார்த்து, “ஆத்தைத் தாண்டி வட்டம் போகலாம், கதவைத் தாண்டி ஓட்டு வரக் கூடாதா?” என்றார். விதியை எழுதினவரே சொல்லட்டும் என்றார் வேறு யாரோ. அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

இவர் என்னைப் பார்த்த பார்வையில் மிரட்டல் இல்லை. நம்பிக்கைதான் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“சொல்லு சுலோ.”

கமலினி தலை நிமிரவில்லை. பாலசந்திரன் கோட்டைக் கழற்றாமல் சுவரோரம் நின்றான்.

“விதியில் இருப்பது கதவு எண். வீட்டு எண் என்று எழுதவில்லை” என்றேன்.

நான் எதை நினைத்து எழுதினேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

பத்துக்கு ஐந்து. ரவிசங்கர் தலைவர்.

வீட்டு வாசலில் இவர் காரை நிறுத்தினார். இறங்கும்போது, “வழுக்கும், பாத்து இறங்கு” என்றார்.

டிசம்பர் 5

காபி வைத்தேன். குடிக்கவில்லை.

டிசம்பர் 11

கடிதத்தை நான் தட்டச்சு செய்தேன். ரவிசங்கர் எழுதித் தந்ததில் பாதிக்குமேல் மன்றத்தின் பெருமை. அதை வெட்டி, பாலசந்திரனைப் பற்றி நான்கு வரி சேர்த்தேன். படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

1978 மார்ச் 10, வெள்ளி

கமலினி போன் செய்தாள். “இருக்கலாம் எண்டு சொல்லிப்போட்டினம் அக்கா!” பின்னாலிருந்து பாலசந்திரனும் ஏதோ கத்தினான். இவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “நல்லது. திங்கட்கிழமை பேசுவோம்” என்று ஆபீஸ் குரலில் சொல்லிவிட்டு வைத்தேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

இவர் கம்பெனியும் டொராண்டோ போகிறது. வீட்டை விற்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்.

“மே கடைசில கிளம்பறோம்.”

“நூலகத்துல பழைய வரைபடத் தாள் பத்தாயிரம் இன்னும் அட்டவணை போடாம கிடக்கு. முடிச்சிட்டு வரேன்.”

“பத்தாயிரமா? எத்தனை நாள் ஆகும்?”

“சொல்ல முடியாதுங்க.”

“அதுவரைக்கும் எங்க இருப்ப?”

“நோத்ர-டாம்-த-கிரேஸ்ல ஒரு சின்ன ஃப்ளாட் பேசியிருக்கேன். நடந்தே வேலைக்குப் போயிடலாம்.”

இவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். நான் மோர் ஊற்றிக்கொண்டு மிச்சச் சோற்றையும் சாப்பிட்டு முடித்தேன்.