ஒரே கிளைதான்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, இல்லை இன்னும் உன்னை ஏமாற்றுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. ஆரஞ்சுத் தோட்டக்காரர் ஒருவர், கொழுந்தெல்லாம் கறுப்பாக அசுவினி, அதுதான் செடிப்பேன், மொய்க்கிறது என்று கிளையோடு எங்கள் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். அதன் சிறகில் ஒரு நரம்பு உண்டு. ஒருமுறை கிளைத்திருந்தால் சாதாரண வகை, மருந்தடித்தால் போதும். இருமுறை கிளைத்திருந்தால் மரத்தைக் கொல்லும் நோயைப் பரப்புகிற வகை, தோட்டத்தையே வெட்டச் சொல்வார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், இரண்டு கிளை! வாசலில் மனுஷர் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நிற்கிறார். எதற்கும் ஊசியால் தள்ளிப் பார்த்தால், சிறகின்மேல் சிறகு ஒட்டிக்கொண்டிருக்கிறது! பிரித்ததும் ஒரே கிளைதான். மற்றப் பூச்சிகளிலும் அப்படியே.

"பிழைச்சீங்க, வீட்டுக்குப் போங்க" என்றேன். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அடுத்த பார்சலில் நம் பேன் சீப்பை வை. பயப்படாதே, என் தலையில் ஒன்றுமில்லை. லென்ஸ் வைத்தே பார்த்துவிட்டேன். பகலெல்லாம் மரத்துக்குப் பேன் பார்க்கிறேனா, சாயங்காலம் என் தலையை யாராவது மடியில் போட்டுப் பார்த்தால் தேவலை போலிருக்கிறது.

வண்டி வந்துவிட்டது, ஓடுகிறேன். புதுச் சீப்பு வேண்டாம், உன் கையில் இருக்கிறதே, அதையே அனுப்பு.

உன் மகள்