மூன்றாம் அடியில் கூப்பிடாத கொம்பனி

யூலை 2, புதன்

சோளகம், தென்மேல் காற்று. முற்றம் கூட்டி முடிய முதலே திரும்பக் குப்பை. வீடு மாறுவது 13, ஞாயிறு என்று முடிவு. வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து இருக்கப் போகிறாராம். 17இல் ஆடி பிறக்கிறது, ஆடியில் வீடு மாறக்கூடாது என்று மனைவி மலர் நாள் பார்த்துவிட்டாள். உடுப்பிட்டியில் ஒன்பது வருடம். இனிக் கொக்குவில்.

வேலையும் அவளே பிரித்தாள். சாமான் கட்டுவது, சாமிப்படம், பால் காய்ச்சுவது எல்லாம் அவள். எனக்கு ரீவியும் இன்ரநெற்றும் மட்டும்.

"உந்த ஒரு அலுவலையாவது ஒழுங்காச் செய்யுங்கோ. பத்தொன்பதாந் திகதி பிள்ளைக்கு வகுப்பு."

மகள் துளசிக்கு. நோர்வேயில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம், பன்னிரண்டு பிள்ளைகள், இன்ரநெற்றில் தமிழ் படிப்பிக்க வேண்டும். ரெலிபோன் டேட்டா போதாது, வீட்டு இணைப்புத்தான் வேண்டுமாம். 19 சனி பி.ப. 2 மணிக்கு ஒருநாள் படிப்பிக்க விட்டுப் பார்ப்பார்கள். பிடித்தால் வருடம் முழுக்க அவள்தான் ரீச்சர். கம்பஸ் படிப்புக்கு இடம் கிடைக்காமல் ஒரு வருடம் முகம் வாடித் திரிந்த பிள்ளை.

யூலை 3, வியாழன்

காலை கொடிகாமம் சந்தை. கத்தரிக்காய் மலிவு. கடைகளுக்கு மரக்கறி இறக்கிவிட்டு, பட்டா என்கிற என் சின்ன லொறிக்குள் இருந்தபடியே ரீவி, இன்ரநெற் கொம்பனிக்கு ரெலிபோன். முக்கால் மணித்தியாலம் பாட்டுக் கேட்டேன். பிறகு ஒரு பெண்பிள்ளையின் குரல். இணைப்பைக் கொக்குவிலுக்கு மாற்ற இரண்டு கிழமை, மாற்றுக் கூலி வேறு. புதிதாக எடுப்பவர்களுக்கு அரைவிலை என்று போர்ட் போட்டிருக்கிறீர்களே, எனக்கு என்ன என்று கேட்டேன்.

"அது புது ஆக்களுக்கு மட்டும் ஐயா."

"ஒன்பது வருஷமாக் கட்டுறன், தங்கச்சி."

"ஓம் ஐயா. நன்றி ஐயா."

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். சந்தையில் விலை படியாவிட்டால் காயை வைத்துவிட்டு நடக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்றாம் அடியில் "அண்ணை, நில்லுங்கோ" என்று குரல் வரும். இருபது வருடத்தில் தவறியதில்லை.

"அப்ப வெட்டிவிடுங்கோ" என்றேன்.

கம்பியூட்டரில் தட்டுகிற சத்தம்.

"பதிஞ்சிட்டன் ஐயா. வேறை ஏதும் உதவி வேணுமோ?"

வீட்டில் சொன்னது: கதைச்சாச்சு, விலை குறைச்சுக் கூப்பிடுவினம்.

யூலை 5, சனி

கூப்பிடவில்லை. கிணற்றடிக்கும் ரெலிபோனைக் கொண்டுபோனேன். மணி அடித்தது இரண்டு முறை. ஒன்று கோயில் கூட்டம். மற்றது பாக்கெற்றுக்குள் கை பட்டு நானே அடித்த அலாரம்.

பெட்டி 14 கட்டியாயிற்று. கயிறு வாங்க வேண்டும்.

யூலை 7, திங்கள்

மு.ப. 10. மலரின் நாடகத்தில் மாமியார் கதவைத் திறக்கப் போன இடத்தில் ரீவி நின்றது. இன்ரநெற்றும் போய்விட்டது.

"காத்துக்கு வயர் அறுந்திருக்கும்" என்றேன்.

துளசி வெளியே போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தாள். "வயர் நல்லாத்தான் இருக்கு, அப்பா." தன் ரெலிபோனில் கொம்பனியைக் கேட்டாள். வாடிக்கையாளர் சொல்லித்தான் வெட்டியதாம்.

உண்மையைச் சொன்னேன். மலர் ஏசினாள், அது பழக்கம். "கம்பியூட்டருக்குள்ள இருக்கிறவள் கத்தரிக்காய்க்காரியே?" துளசி கலண்டரைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவளும் ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

யூலை 8, செவ்வாய்

யாழ்ப்பாணம், கொம்பனிக் கந்தோர். வரிசைத் துண்டு நம்பர் 61. கண்ணாடி போட்ட தம்பி நல்ல மரியாதை. வெட்டியதை மாற்ற முடியாதாம், புதிதாகத்தான் எடுக்க வேண்டுமாம்.

"நல்லதாப் போச்சு. அப்ப அரைவிலை."

"இல்லை ஐயா. நீங்கள் பழைய ஆள்."

"வெட்டின பிறகுமோ?"

"ஒரு வருஷத்துக்குப் பழைய ஆள்தான்."

அதோடு எங்கள் கொக்குவில் ஒழுங்கையில் தூணிலுள்ள இணைப்புப் பெட்டியில் இனி இடமில்லையாம். மூன்று கிழமையாவது ஆகும். எண்ணிப் பார்த்தேன், 29. கணக்கு நான் இரண்டாம் முறைதான் பாஸ் பண்ணினேன், ஆனால் 19க்குப் பிறகுதான் 29 என்பது எனக்கும் தெரியும்.

வீட்டில் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன். பசித்தது. எழும்பிச் சாப்பிட்டேன்.

யூலை 9, புதன்

துளசி "புது வீட்டை ஒருக்காப் பாப்பம், அப்பா" என்றாள். கூட்டிப்போனேன். சமையலறை பார்க்கவில்லை, கிணறு பார்க்கவில்லை. சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டு போனாள். முன்னறை ஜன்னலுக்குக் கீழே சின்ன வெள்ளைப் பெட்டி. முந்தி இருந்தவர்கள் வேறு கொம்பனி இணைப்பு வைத்திருந்திருக்கிறார்கள். வயர் அப்படியே இருக்கிறது. பெட்டியில் ஒரு நம்பர்.

நான் வீடு பார்க்க இரண்டு முறை வந்தவன். இரண்டு முறையும் சாவிக்கொத்தை அந்தப் பெட்டிக்கு மேல்தான் வைத்தேன்.

அங்கேயே நின்று அந்தக் கொம்பனிக்கு ரெலிபோன் எடுத்தாள். நம்பரைச் சொன்னாள். தன் பேரில் வேண்டும் என்றாள். அவள் எங்கும் பழைய ஆள் இல்லை. அரைவிலை. பேரம் பேசவே இல்லை. ஒன்றே ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

"பத்தொன்பதுக்கு முன்னம் வருவீங்களோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

16இல் வருகிறார்களாம்.

யூலை 13, ஞாயிறு

வீடு மாறியாயிற்று. பட்டாவில் நாலு நடை. ரீவியைப் போர்வைக்குள் சுற்றி மலர் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பால் நன்றாகப் பொங்கியது. உடைந்தவை: கண்ணாடிக் கோப்பை 2, என் சின்னவிரல் நகம்.

மலருக்கு நாடகக் கவலை. "கதவைத் திறந்தாளோ இல்லையோ தெரியாது."

யூலை 16, புதன்

இணைப்புக் கொடுக்கிறவர் பகல் 11க்கு வந்தார், என் வயது ஆள். வெள்ளைப் பெட்டியைத் திறந்தார், உள்ளே எறும்புப் புற்று. ஊதிவிட்டு, வயர் நுனியை வெட்டி மாற்றினார். பச்சை லைற் எரிந்தது.

"ஆற்றை பேரில, ஐயா?"

"என்ரை பேரில" என்றாள் துளசி. கையெழுத்தும் அவளே. மலர் அவருக்குத் தேத்தண்ணியோடு இரண்டு வடை கொடுத்தாள். எனக்கு ஒன்று.

பின்னேரம் கிரிக்கெட் தேடினேன். இல்லை. திரும்பவும் தேடினேன்.

"சின்னப் பக்கேஜ் அப்பா. அம்மாவின்ரை நாடகம் வருது, செய்தி வருது."

"கிரிக்கெட்டு?"

"வெட்டிவிட்டன்."

மலர் அடுப்படியில் நின்று சிரித்தது கேட்டது.

யூலை 19, சனி

காற்றுக் குறைவு. 1.30க்கே என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஜன்னலுக்குக் கீழே கதிரை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இரண்டு மணிக்கு நோர்வேப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரும் ஒரேயடியாக "வணக்கம் ரீச்சர்." பிறகு "வாளைப்பளம்." துளசி "நாக்கை உள்ளுக்கு மடியுங்கோ" என்றாள். நானும் மடித்துப் பார்த்தேன்.

2.25க்கு என் ரெலிபோன். நாயை முந்திக்கொண்டது. வாசல் படலைக்கு ஓடினேன். பழைய கொம்பனி.

"ஐயா, இணைப்பை வெட்டியிருக்கிறீங்கள். திரும்ப எடுத்தா அரைவிலைக்குத் தரலாம்."

பதினாறாம் நாள். கத்தரிக்காய் என்றால் அழுகியிருக்கும்.

"கிரிக்கெட்டும் சேர்த்தோ?" மெல்லக் கேட்டேன்.

"ஓம் ஐயா, சேர்த்துத்தான்."

உள்ளே பன்னிரண்டு குரலில் "வாழைப்பழம்". இந்த முறை சரியாக வந்தது.

"வேண்டாம், தங்கச்சி. வகுப்பு நடக்குது" என்று சொல்லி நிற்பாட்டினேன்.

மூன்று மணிக்குத் துளசி வெளியே வந்தாள். "அடுத்த சனியும் எடுக்கட்டாம், அப்பா. வருஷம் முழுக்கவாம்." அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. மலர் இரண்டையும் செய்தாள்.

இன்று பின்னேரம் கிரிக்கெட் மட்ச். முன்வீட்டுக்காரர் கூரையில் பெரிய டிஷ். இன்னும் அவரோடு கதைக்கவில்லை. வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டுபோக வேண்டும்.