பொட்டு வைத்த பீரங்கியைக் கோயில் என்று எழுதியது பற்றி

அனுப்புநர்:
மு. சண்முகவேல்,
பீரங்கி மேட்டுக் குப்பம்,
அடையாறு முகத்துவாரம், சென்னை-28.

பெறுநர்:
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
கடற்கரை ஆக்கிரமிப்பு அகற்றும் பிரிவு, சென்னை.

பொருள்: பீரங்கி மேடையை அனுமதியற்ற கோயில் எனக் கருதி 17.11.1972 அன்று இடிக்கும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் அறிவிப்பில் ‘காவக்காரி அம்மன் கோயில்’ எனக் கண்டிருப்பது கோயில் அல்ல. கும்பினியார் காலத்தில் பிரெஞ்சுக்காரருக்குப் பயந்து கட்டிய பீரங்கி மேடை. அதன்பின் பிரெஞ்சுக்காரர் இந்தப் பக்கம் வரவில்லை. 1914-இல் ஜெர்மன்காரனின் எம்டன் கப்பல் வந்தது. வடக்கே குண்டு போட்டுவிட்டு, நம் பீரங்கிக்குத் தகவல் எட்டுமுன் போய்விட்டது. 1942-இல் ஜப்பான்காரன் வருகிறான் என்று ஊரே காலியானபோது, புதிய பீரங்கி ஒன்றைக் கொண்டு வந்து, குண்டு வைக்கக் கான்கிரீட் அறையும் கட்டினார்கள். அதற்கு எண்ணெய் போடும் வேலையில் சேர்ந்தவன் நான். யுத்தம் முடிந்ததும் புதியதை எடுத்துச் சென்றார்கள். பழைய இரும்புப் பீரங்கியும் நானும் இங்கேயே தங்கிவிட்டோம்.

2. மேடை இன்றும் கல்லுப் போல் இருக்கிறது. கிழக்குச் சுவரில் ஓர் அரசங்கன்று முளைத்துள்ளது, அவ்வளவே. பீரங்கி உப்புக்காற்றில் துருப்பிடிக்காதிருக்க மாதந்தோறும் வேப்பெண்ணெய் தடவுகிறேன்.

3. ஆயுத பூஜையன்று அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டேன். பொட்டு சற்றுத் தாராளம்தான், ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் வந்த தங்கள் அலுவலர் செருப்பைக் கழற்றிவிட்டு, “இது என்ன சாமி?” என்று கேட்டிருக்கிறார். மீன் விற்கும் பேச்சியம்மாளுக்கு வாய்க்கொழுப்பு அதிகம். “இவதான் சார் எங்க குப்பத்துக் காவக்காரி. கன்னத்துல போட்டுக்கினு போ சார்” என்றிருக்கிறார். அலுவலரும் போட்டுக்கொண்டு, அப்படியே எழுதிக்கொண்டும் போய்விட்டார். அன்று தங்கள் அலுவலகத் தட்டச்சு இயந்திரத்துக்கும் பொட்டு வைத்திருப்பார்கள். அதை யாரும் கோயில் என்று இடிக்கவில்லை.

4. குப்பத்தில் மழைக்கு ஒழுகாத கூரை அந்தக் குண்டு அறை ஒன்றுதான். எங்கள் கல்யாணமெல்லாம் அதில்தான். என் ஒரே மகள் ஜெயபாரதிக்கும் மாப்பிள்ளை தனபாலனுக்கும் அங்கேதான் முகூர்த்தம். நாள் 17.11.1972, வெள்ளிக்கிழமை, காலை 9 முதல் 10.30. தங்கள் ஆட்கள் வருவதும் அதே நாள், 9 மணிக்கு. பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாகிவிட்டது. பெண்ணைப் பெற்றவன் நிலையைத் தாங்களே எண்ணிப் பார்க்கவும். ஆனாலும் ஐயா, வீட்டில் இருக்கும் சந்தோஷத்தில் எனக்குச் சரியாகப் பயப்படக்கூட வரவில்லை.

5. ஆகவே கோயில் என்ற பதிவை நீக்கி, பீரங்கி மேடை என்று திருத்தி, இடிக்கும் உத்தரவை ரத்து செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் குடும்பத்துடன் வந்து மணமக்களை ஆசீர்வதிக்க வேண்டும். பத்திரிகை இத்துடன் உள்ளது. ரத்து உத்தரவின் நகல் உரிய நேரத்தில் ஆட்களுக்குப் போய்ச் சேராமல், அவர்கள் கடப்பாரையுடன் வந்துவிட்டாலும் பாதகமில்லை. அவர்களுக்கும் சேர்த்து இருபது இலை கூடுதலாகப் போடச் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்ட கையோடு எவரும் கல்யாண வீட்டை இடித்ததில்லை.

இடம்: சென்னை-28
நாள்: 1.11.1972

தங்கள் நல்ல பதிலை எதிர்நோக்கும்,
மு. சண்முகவேல்
(பெண்ணின் தகப்பன்)