ஸ்லோவில் நிற்காத வண்டி

6-10-97, திங்கள்
இன்றும் வண்டி வழியில் நின்றது. ரயில்வே கேட் திறந்து எல்லாரும் போய்விட்டார்கள், நாங்கள் மட்டும் தண்டவாளத்துக்கு முன்னால். ஆக்ஸிலேட்டரை விட்டதும் ஸ்லோவில் ஓடாமல் இன்ஜின் முக்கி முனகி அணைந்துவிடுகிறது. இவர் உதைத்து உதைத்துப் பார்த்தார். பின்னால் லாரிக்காரன் ஆரன் அடித்தான். "எறங்கு செம்பா, தள்ளு" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

9-10-97
மெக்கானிக் பூவனநாதன் கார்புரேட்டரைக் கழற்றி ஊதித் துடைத்துக் கொடுத்தாராம். "ஜெட்டுல தூசி அண்ணாச்சி, இனி ஸ்லோ நல்லா நிக்கும்" என்றாராம். வாசலில் நிறுத்தியும் அணையாமல் சீராக ஓடியது. இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

14-10-97
மறுபடியும். பிளக்கைக் கழற்றினால் கரி பிடித்து ஈரமாக இருக்கிறது. பூவனநாதன் வீட்டுக்கே வந்து பார்த்தார். "நான் நெனச்சது தப்பு அண்ணாச்சி. தூசி இல்ல. உள்ள பெட்ரோல் மட்டுக்கு மேல ஏறி வழியுது. ரெண்டு நாள் வண்டியை விடுங்க, மிதவையை மாத்தணும்."
இவர் விடவில்லை. தீபாவளி நெருக்கத்தில் கயத்தாறுக்கு நடந்தா போவது என்று கேட்டார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து ஸ்லோ ஸ்க்ரூவைத் தானே முறுக்கினார். இப்போது அணையவில்லை. நின்ற இடத்திலேயே அலறுகிறது.

18-10-97
விடாத மழை. தெருவெல்லாம் கரிசல் களி. நனைந்தால் கிளம்பாது என்று வண்டியை ஆபீசுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துகிறார். வேறு ஆபீஸ் இல்லை, எங்கள் தீப்பெட்டி ஆபீஸ்! வெயில் இல்லாததால் மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் உள்ளேதான் காய்கின்றன. அதற்குப் பக்கத்தில் வண்டி. அணைத்தால் திரும்பக் கிளம்பாது என்று, ஓடவிட்டபடியே முன்னறைக்குப் போய் போனில் பேசுகிறார்.
சொன்னேன். "இந்தத் தொழில எனக்கே நீ சொல்லித் தாரியா?" என்றார்.

21-10-97
சேலையில் பெட்ரோல் வாடை. இன்று நான் வண்டியில் ஏறவே இல்லை.

23-10-97
பெட்டி அடைக்கிற வெயிலுகந்தம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டாள். "எக்கா, நாத்தம் தாங்கல. பிள்ளைகளுக்குத் தலை சுத்துதுன்னு சொல்லுதாளுவ. மொதலாளிகிட்ட நாங்க சொல்ல முடியுமா? நீங்கதான் சொல்லணும்."
போய்க் குனிந்து பார்த்தேன். கார்புரேட்டருக்கு அடியில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. தரையில் தாம்பாளம் அகலத்துக்கு ஈரம். யாரோ அதன்மேல் சாக்கை விரித்திருக்கிறார்கள்.
அவரிடம் சொன்னேன். "தீபாவளி போகட்டும், பாத்துக்கிடுதேன்."
தீபாவளி வரைக்கும் இருக்கணுமே. இத்தனை பொம்பளைக உள்ள இருக்காளுவ. சொன்னா கேக்க மாட்டேங்காவளே — நான் என்ன செய்ய?

25-10-97, சனி
நான்தான் தள்ளினேன். அவர் போனில் இருந்தார். வண்டி அணைந்து கிடந்தது. நான் ஹேண்டில்பாரைப் பிடிக்க, வெயிலுகந்தம்மாள் பின்னால் தள்ள, ஆபீஸ் கேட்டைத் தாண்டி எதிர்ப்பொட்டலில் கொண்டுபோய் நிறுத்தினோம்.
"யாரு வண்டியத் தொட்டது?"
"நான்தான்."
"இங்க மொதலாளி நீயா, நானா?"
எல்லாப் பெண்களும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் விடுவிடுவென்று பொட்டலுக்குப் போனார். வேண்டாங்க, வேண்டாங்க என்று பின்னாலேயே ஓடினேன். உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். படாரென்று ஒரு சத்தம், கார்புரேட்டர் பக்கம். முதலில் நீலமாக ஏதோ ஓடியது. அப்புறம் அவர் கால்
முடியல.

26-10-97
வலது கால் முழுதும் தீக்காயம், கையிலும். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்கிறார். தண்ணீரில் நனைத்த சாக்கைப் போட்டு அவரைப் புரட்டியது வெயிலுகந்தம்மாள். மற்ற பெண்கள் மண்வாளியோடு ஓடி வந்தார்களாம். எனக்கு எதுவும் நினைவில்லை.
நான் தள்ளியதால்தானே அவருக்குக் கோபம் வந்தது? கோபத்தில்தானே உதைத்தார்? தள்ளாமல் இருந்திருந்தால், உள்ளேயே வைத்து உதைத்திருந்தால் — இல்லை, அதை எழுத மாட்டேன்.

30-10-97
தீபாவளி. ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே வெடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. என் கையை விடவே இல்லை.

15-12-97, திங்கள்
முதல் முறையாகக் கம்பு ஊன்றி ஆபீசுக்கு வந்தார். நல்ல வெயில். உள்ளே வரச் சொன்னேன், கேட் அருகிலேயே நின்றுகொண்டார். பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சோற்று வாளியோடு உள்ளே போனார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். எல்லாரும் போன பிறகும் நகரவில்லை.
"யாரைத் தேடுதீய, அண்ணாச்சி?" என்று வெயிலுகந்தம்மாள் திரும்பி வந்து கேட்டாள்.
"யாரையும் இல்ல தாயி. எல்லாரும் வந்தாச்சா?"
"வந்தாச்சு அண்ணாச்சி."
"எல்லாருமா?"
"எல்லாரும்தான்."
அவர் தலையை ஆட்டினார். ஆனாலும் வெகுநேரம் அங்கேயே நின்றார்.