மஞ்சள் அங்கிச் சூனியக்காரி

ஜூலை 6, 1991

மூத்த பேரன் கேல்வின் ராணுவத்தில் சார்ஜென்ட் ஆகிவிட்டான். ரோஸ்லின் நர்ஸ் படிப்பில் முதல் வகுப்பு. ஆர்ட்டிஸுக்குப் பந்தாட்டத்துக்காகவே கல்லூரியில் இலவசப் படிப்பு. பேரப்பிள்ளைகள் எல்லார் படமும் கூடத்துச் சுவரில், கண்ணாடி போட்டு. சிகாகோவில் இருக்கிற மகள் லொரெட்டாவின் பெண் ஷனீஸ் மட்டும் குறைகிறாள். பத்து வயது, வகுப்பில் முதல், நூலகத்துக் கதைப் புத்தகமெல்லாம் முடித்தவள். ஆனால் பள்ளிக்கூடத்தில் படம் எடுத்த அன்று வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டாளாம். கோடை விடுமுறைக்கு இன்று மிசிசிப்பி வந்து இறங்கினாள். சிரிப்பே இல்லை.

ஜூலை 13

சனிக்கிழமை. தலை குளிப்பாட்டி, என் முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்து, எண்ணெய் தடவிப் பின்னினேன். அவள் உரக்கக் கதை படித்தாள். இளவரசிக்குப் பால் நிறம், இடுப்புவரை பொன் கூந்தல். சரி, இருக்கட்டும். பிறகு சூனியக்காரி வந்தாள் — தார் போலக் கறுப்பாம், காக்கைக் கூடு மாதிரி சுருட்டை மயிராம். நான் வகிடெடுத்துக்கொண்டிருந்தது அந்த மயிரைத்தானே! என் கை நின்றுவிட்டது. அவள் நிற்கவில்லை, தண்ணீர் குடிக்கிற மாதிரி படித்துக்கொண்டே போனாள்.

“பாட்டி, பின்னல் வேண்டாம். இரும்புச் சீப்பை அடுப்புல காய்ச்சி முடியை நேராக்கி விடு.”

“காது சுட்டுடும்டி.”

“சுட்டாச் சுடட்டும்.”

யார் எழுதுகிறார்கள் இதையெல்லாம்? அவர்கள் தெருவில் நம் கறுப்புப் பிள்ளைகளே நடப்பதில்லையா?

ஜூலை 21

ஆகஸ்டில் எங்கள் தேவாலயத்தில் பிள்ளைகள் நாடகம். எழுதியது ஷனீஸ்! வேஷம் பிரிக்கிறவரை நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். இளவரசி கொரீன் — எங்கள் கூட்டத்திலேயே வெளுத்த தோல், நீள முடி. சூனியக்காரி ஷனீஸ். கடைசியில் இளவரசன் குத்தக் குத்த விழுந்து சாகிறாள்.

ஞாயிறு பள்ளி நடத்துகிற பியூலாவைப் பிடித்துக்கொண்டேன். “என்ன பியூலா இது? நீயும் நானும் பால்லயா முங்கி எழுந்து வந்தோம்?”

“ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலை அக்கா. அவளே கேட்டு வாங்கின வேஷம். வெறும் கதைதானே, விடுங்க.”

வெறும் கதையாம்!

வீட்டில் அவளையே கேட்டேன். “நான் இளவரசியா நின்னா சிரிப்பாங்க பாட்டி. கதைன்னா அப்படித்தான். உனக்கு என்ன தெரியும், நீ அஞ்சாவதுதானே.”

ஆமாம், அஞ்சாவதுதான். பருத்தி பறிக்கக் கூப்பிட்டார்கள், போனேன். ஒரு குழந்தை தன்னையே குத்திக் கொல்லக் கதை எழுதுகிறது — அது அநியாயம்னு தெரிஞ்சுக்க ஆறாவது படிக்கணுமா?

ஜூலை 22

கோபம் ஆறவில்லை. சோள ரொட்டி கருகிவிட்டது.

ஜூலை 29

கறுப்புத் துணியில் அங்கி தைக்கச் சொன்னாள். ஈஸ்டருக்கு எனக்கென்று எடுத்து வைத்திருந்த மஞ்சள் சாட்டினை வெட்டித் தைத்தேன்.

“சூனியக்காரி மஞ்சள் போடமாட்டா!” என்று குதித்தாள்.

“என் மிஷின்ல கறுப்பு அங்கி வராது. இஷ்டமிருந்தா போட்டுக்கோ.”

மாலையில் அங்கியோடு போய்க் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். நான் எட்டிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 11

அட்டைக் கத்தியோடு இளவரசன் பாய்ந்தான். ஷனீஸ் விழ வேண்டிய இடம். விழவில்லை. மஞ்சள் அங்கியில் அப்படியே நின்றாள்.

“நான் உனக்கு என்ன பண்ணினேன்?”

நாடகத்தில் இல்லாத வசனம்.

“சொல்லும்மா!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எங்கள் சபையில் போதகரையே தனியாகப் பேச விடமாட்டோம், இவளை விடுவோமா?

“இது என் வீடு. கதவைக்கூடத் தட்டாம கத்தியோட வர்றே!”

“அப்படிக் கேளு!” “ஆமென்!” விசிறியெல்லாம் படபடத்தது.

“கத்தியைக் கீழ போடு.”

போட்டுவிட்டான். கொரீன் பார்த்தாள், “எனக்குப் பசிக்குது, உள்ள வரலாமா?” என்றாள். கூரை பறக்கிற சிரிப்பு. பியூலாவே எழுந்து கைதட்டினாள். வெறும் கதைக்கு எதுக்கடி இத்தனை கைதட்டல் என்று கேட்காமல் வந்துவிட்டேன். நாளைக்குக் கேட்பேன்.

ஆகஸ்ட் 25

ஷனீஸைச் சிகாகோவுக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். பின்னலோடுதான் போனாள். அங்கி பெட்டியில் மேலாக இருக்கணுமாம், கசங்கக் கூடாதாம்.

செப்டம்பர் 14

லொரெட்டா போன் செய்தாள். பள்ளியில் படம் எடுக்கிற நாள் வருகிறதாம். “அந்த மஞ்சளைத்தான் போடுவேன், முடியை நேராக்காதேன்னு ஒரே அடம்மா. நான் என்ன பண்ண?”

என்ன பண்ணவா? ரோஸ்லினுக்கும் ஆர்ட்டிஸுக்கும் நடுவில் ஆணி அடித்தாயிற்று. புதுப் படம் கைக்கு வந்த அன்றே தபாலில் போடு என்றேன். பெரிய அளவில்.